கண்ணாடியும் முகப்பருவும்

ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். நட்சத்திரம் பார்க்க அது வேண்டும். முகப்பருவுக்கு வீட்டு ரசக்கண்ணாடி போதும். இருப்பதைவிடப் பெரிதாகவே காட்டிவிடும்!

பருவின் அளவும் மனவேதனையின் அளவும் ஒத்துப்போவதில்லை. இரண்டே பரு வந்த பிள்ளை, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். தோல்நோயாளிகளுக்காக 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள். பருவை எண்ணச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை. கடந்த வாரம் கூச்சப்பட்டீர்களா, உடுத்துவதை மாற்றினீர்களா, நண்பர்களோடு சிக்கலா என்றே போகும்.

நம் வீடுகளில் விருந்தாளி கேட்கும் முதல் கேள்வி, "என்னடி, முகமெல்லாம் இப்படி?" நல்லவேளை, அது அந்தப் பத்தில் இல்லை.