மிஞ்சிய நூல்

ஸ்வெட்டர் பின்னி முடித்ததும் ஓர் உருண்டைக் கம்பளி நூலாவது மிஞ்சும். ஒரு குல்லாவுக்கு அது போதும். அல்லது தலைவழியே மாட்டிக்கொள்ளும் கழுத்துப் பட்டைக்கு. 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கடல்சார் திருத்தூதுப் பணி, இன்றைய ஸ்டெல்லா மாரிஸ், பிரிட்டன் துறைமுகங்களில் இத்தகைய குல்லாக்களைக் கப்பல்களுக்குக் கொண்டுசெல்கிறது. பெறுபவர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தியா போன்ற வெப்பநாட்டு மாலுமிகள்.

நாமோ, பரணில் கிடந்த நூல்தானே என்று, நமக்கே குத்துவதைத் தேடி எடுக்கிறோம். தடித்த நூலையும் மெல்லிய நூலையும் கலந்து பின்னினால் ஓரிடம் இறுகும், ஓரிடம் தொங்கும். மெல்லியதை இரட்டை இழையாக்கினால் சரியாகும். அதற்கு இன்னொரு மாலைப்பொழுது வேண்டும். நூலைக் கொடுத்துவிடுகிறோம், அந்த மாலையைக் கொடுக்கத்தான் தயங்குகிறோம்.

யோப்பாவும் துறைமுக ஊர்தான். அங்கே தொற்கா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவர் செய்துகொடுத்த ஆடைகள். உடுத்த முடியாதவற்றை யாராவது காட்டியிருப்பார்களா?

இந்த வாரம் நூல் பையை இறக்கும்போது, முதலில் நம் கழுத்தில் சுற்றிப் பார்ப்போம். குத்தினால், கால்மிதி பின்னிக்கொள்ளலாம்.