ஏர் ஓட்டுவது வேறு, மனை போடுவது வேறு
(கல்யாண் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்துக்குள் அடங்கும் வீட்டை இந்த மும்பை நமக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் கல்யாண், அம்பர்நாத் பக்கத்து விளைநிலத்தைக் காட்டும் தரகனின் பேச்சு நமக்கு இனிக்கிறது. பொக்லைன் வைத்து நிலத்தை மட்டமாக்குகிறான், சரளை கொட்டி ரோடு போடுகிறான். கேட்டால், "வயல் வேலைதானே, எதற்குப் பர்மிஷன்?" என்கிறான். இந்தப் பேச்சை நாம் சட்டத்தோடு ஒத்துப் பார்ப்போம்.

மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டத்தில் 2(7) பிரிவு இருக்கிறது. நிலத்தின் மேலோ கீழோ கட்டடப் பணி, பொறியியல் பணி, சுரங்கப் பணி எது செய்தாலும் அது 'அபிவிருத்தி' என்கிறது. நிலத்தைத் துண்டு போட்டு மனைப்பிரிவாக்குவதும் அதில் சேர்த்திதான். திட்டப் பகுதிக்குள் இதற்கு முன் அனுமதி வேண்டும்.

உழவனை இச்சட்டம் வாட்டவில்லை. வழக்கமான சாகுபடிக்காக மண் தோண்டலாம், கிணறு வெட்டலாம், விவசாயத்துக்கு மட்டும் பயன்படும் பாதை போடலாம். அனுமதி தேவையில்லை என்று 43-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. 'மட்டும்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் தரகன் வழுக்கி விழுகிறான். முப்பதடி அகலத்தில் குறுக்கும் நெடுக்குமாக ரோடு போட்டிருக்கிறானே, எந்த நெற்பயிர் அதில் நடந்து போகப் போகிறது?

'பொறியியல் பணி' என்ற சொல் வெள்ளைக்காரன் 1947-இல் தன் நாட்டுக்குப் போட்ட சட்டத்திலும் உண்டு. அங்கே எஸ்ஸெக்ஸில் ஒரு பண்ணைக்காரர்கள் பாசனக் குளம் வெட்டி, தோண்டிய சரளையை விற்க நினைத்தார்கள். குளம் விவசாயத்துக்குத்தான் என்று வாதாடினார்கள். அந்த வேலை பொறியியல் பணி மட்டுமல்ல, சுரங்கப் பணியும்கூட, ஆகவே அனுமதி வேண்டும் என்று 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே குழிக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சாத்பாரா நகலைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. நிலம் யார் பேரில், என்ன பயிர் என்றுதான் அது சொல்லும். மனை அனுமதியை அது சொல்லாது. பி.எப். பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தைக் கேளுங்கள். அனுமதியில்லாததை இடிக்கவும் நிலத்தைப் பழையபடி ஆக்கவும் 53-ஆம் பிரிவில் நோட்டீஸ் விடலாம். அது குடியிருக்கிற நம் வாசலில்தான் ஒட்டப்படும். தரகன் அன்றைக்கு வேறு ஊரில் இருப்பான்.

முன்பணம் கட்டியவர்கள் ரசீதும் சர்வே எண்ணும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். இடம் நகராட்சிக்குள் இருந்தால் அங்கே, வெளியே இருந்தால் கலெக்டர் ஆபீசில், எல்லோரும் சேர்ந்தே போய் விசாரிப்போம்.