பல்லில் பதியும் நீலம்

சேலத்தில் லோடு ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயையும் மேலுமலையையும் ஏறித்தான், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம்ம பெங்களூருக்கு வருகிறது. அந்த இழுவை முழுவதையும் பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் தாங்குவது ஒரு ஜோடிப் பல்சக்கரம். சின்னது பினியன், பெரியது கிரவுன். கிரவுனோடு சுற்றும் கூட்டுக்குள் ஸ்டார் கியர்கள் இருக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் ஓட அவைதான் வழிவிடுகின்றன.

கலாசிபாளையம் பக்கத்துப் பட்டறையில் எனக்கு வேலை. “அண்ணே, பின்னாடி ஊளையிடுது” என்று டிரைவர் வந்தால், எப்போது கேட்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். வளைவில் மட்டும் தட்டினால் ஸ்டார் கியரைப் பார்ப்பேன். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளையிட்டால் கிரவுன், பினியன் மேல் சந்தேகம் வரும்.

நாமக்கல் வண்டி ஒன்று அப்படித்தான் வந்தது. செலவு மிச்சமென்று எங்கோ பினியனை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். நேயர்களே, இவை இரண்டும் ஒன்றோடொன்று உரசி இழைத்து, ஒரே எண் பொறித்து, ஜோடியாகவே வருபவை. மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும். ஜே.சி. ரோட்டில் புது ஜோடி வாங்கி வந்தோம்.

எனக்குப் பிடித்த வேலை இனிமேல்தான். கிரவுன் பற்களில் புளூ தடவி, பினியனைக் கையால் சுற்றுவோம். பல் எங்கே பதிகிறதோ அங்கே சாயம் விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் வெளியே தள்ளி நிற்கிறது, ஷிம் தகட்டை மாற்றி உள்ளே தள்ளவேண்டும். அடிவேரில் விழுந்தால் வெளியே நகர்த்தவேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றி, மாட்டி, மறுபடி புளூ. அவசரப்படுத்தாதீர்கள் ஐயா, மெக்கானிக் அங்கே வீணாக நேரம் போக்கவில்லை! பல்லின் நடுவே, உள்முனைப் பக்கம் சற்றே சாய்ந்து தடம் விழுந்ததும் அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், “இதுக்காகவாண்ணே இவ்வளவு நேரம்?” என்றார். இதற்காகத்தான். லோடு ஏறியதும் தடம் பல்லின் அகலமெல்லாம் பரவிக்கொள்ளும். சத்தம் அடங்கும்.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். ஹவுசிங்குக்குக் கம்பெனி சொன்ன கியர் ஆயில்தான், இன்ஜின் ஆயில் ஆகாது. வடிக்கும்போது காந்த பிளக்கில் மாவுபோல் இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை, துண்டு இருந்தால் உடனே திறக்கவேண்டும். பழுதான வண்டியைக் கட்டி இழுக்குமுன் ஆக்சில் ஷாஃப்டை உருவிவிடுங்கள். டிரைவர் அண்ணன்மார்களே, ஹவுசிங்கின் காற்றுத்துளையான பிரீதரில் சேறு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் ஒழுகும். அடுத்த லோடு ஏற்றுவதற்குள் அதைத் துடைத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.