தாய்ப்பாலைக் காய்ச்ச வேண்டாம், வெதுவெதுப்பே போதும்

(குழந்தைகள் பிரிவில் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நம் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் பால் வந்தவுடன் செய்யும் முதல் வேலை, அதை அடுப்பில் ஏற்றுவதுதான். பொங்கி வராத பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு மனம் வராது. மாட்டுப்பாலுக்கு அது நல்ல பழக்கம். தொழுவத்திலிருந்து வரும் கிருமிகளை அந்தக் கொதி கொன்றுவிடுகிறது. ஆனால் பீய்ச்சி எடுத்து வைத்த தாய்ப்பாலை அப்படிக் காய்ச்சலாகாது.

தாய்ப்பால் வெறும் ஆகாரம் மாத்திரமல்ல. நோயை எதிர்க்கும் புரதங்களும், கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் அதில் உண்டு. கொதித்தால் இவை கெட்டுப்போகும். 1989-ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இத்தகைய வங்கிகளில், வேறு பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பால் என்பதால், 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். கொதிக்க வைப்பதில்லை. அந்தச் சூட்டிலேயே நற்குணங்களில் ஒரு பங்கு குறைகிறது. மருத்துவர் தனியாகச் சொன்னாலொழிய, பெற்ற தாயின் பாலுக்கு அந்தச் சூடும் தேவையில்லை.

அப்படியானால் எப்படிச் சூடாக்குவது? ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுங்கள். மூடிய பால் பாத்திரத்தை அதற்குள் சில நிமிடம் வையுங்கள். தண்ணீர் மூடியைத் தொடவேண்டாம். பிறகு பாத்திரத்தை மெதுவாய்ச் சுழற்றுங்கள். மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பு கலந்துவிடும். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் குளிரும் தெரியாமல் இதமாயிருந்தால், சுத்தமான பாலாடையிலோ சங்கிலோ புகட்டலாம். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு அறவே கூடாது. அதில் பால் ஒரே சீராய்ச் சூடேறாது. பாத்திரம் ஆறியிருந்தாலும் உள்ளே ஓரிடத்துப் பால் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும்.

நேரத்தைக் குறித்தும் ஜாக்கிரதையாயிருங்கள். புதிதாய் எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அறைகள் அதைவிடச் சூடாயிருக்கும்; ஆகையால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நலம். அங்கே 4 நாள்வரை வைக்கலாம். கதவில் வைக்காமல் உட்புறமாய் வையுங்கள். தேதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள். உறைந்த பாலை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முழுதும் இளகியபின் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மறுபடி உறையவைக்கக் கூடாது. சூடாக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். பிள்ளை குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்கவேண்டாம். இவை நிறைமாதத்தில் பிறந்த, சுகமான பிள்ளைகளுக்கான கணக்கு. குறைமாதப் பிள்ளைகளுக்கு நர்ஸம்மா சொல்லுகிறபடியே செய்யுங்கள்.

எடுத்து வைத்த பாலில் சில சமயம் சோப்பு வாடை வரும். பாலிலுள்ள நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது. புளித்த நாற்றம் இல்லையென்றால் பயப்படவேண்டாம்.

பாட்டிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தைக்குப் பச்சைப்பால் ஆகாது என்ற உங்கள் பயம் அன்பிலிருந்து வருகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் குறைமாதப் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, உங்கள் மகளோ மருமகளோ வலியோடு, இராத்திரியும் பகலும் எழுந்து உட்கார்ந்து, சில சொட்டுகளாய்ச் சேர்த்த பால் அது. பிள்ளையைக் காக்கும் பலம் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை அடுப்பில் ஏற்றி அழித்துவிடாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துப் பொறுமையாய்க் காத்திருங்கள்.