குரல் தரும் முன்னறிவிப்பு



மயிலையில் முன்னாளில் நேமிநாதர் ஆலயம் விளங்கியது. அப்பெருமான்மீது அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடினார். கோயில் மறைந்த பின்னும் பாடல் மறையவில்லை. ஓதியோர் குரல் அதனைக் காத்தது. அத்தகைய குரலுக்கு நேரும் கரகரப்பைப் பற்றியதே இவ்வுரை.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பேசும்போது அவை ஒன்றோடொன்று பொருந்தி, ஆடவர்க்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், மகளிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. அங்கே சிறு தடிப்புத் தோன்றினும் பொருத்தம் குலைந்து குரல் கம்மும்.

சளியாலோ உரத்த பேச்சாலோ வரும் கரகரப்புப் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் நீங்கும். அதற்கு மௌன விரதமே நல்மருந்து. கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. அதுவும் நாண்களை வருத்தும். இரவில் காலந்தாழ்த்தி உண்டு உடனே படுப்போர்க்கு, இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்படுத்துவதுண்டு. பொழுது சாயுமுன் உண்ணும் சமண ஒழுக்கம் இதற்கும் காப்பாகும்.

மூன்று வாரம் கடந்தும் குரல் தெளியாவிடில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண்பது கடமை. மூச்சுத் திணறல், விழுங்குவதில் துன்பம், இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும் மூன்று வாரம் காத்திருத்தல் கூடாது. மூச்சுத் திணறினால் அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளோர்க்கு விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும்.

"விழா முடியட்டும், பேத்தி திருமணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடும் பெரியோர் பலர். நோயைவிட, நோயின் பெயரைக் கேட்பதற்கே அவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால் சோதனை எளியது. மெல்லிய குழாயை மூக்கின் வழியே செலுத்திச் சில நிமிடங்களில் நாண்களைப் பார்த்துவிடுகின்றனர். பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இராது. இருப்பினும், குரல் நாணில் தோன்றும் புற்று, குரலைத் தொடக்கத்திலேயே மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அந்நிலையில் கதிர்வீச்சாலோ சிறு அறுவையாலோ பெரும்பாலும் குணப்படுத்தலாம், குரலையும் காக்கலாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மயிலையிலிருந்து அது தொலைவன்று, காலந்தாழ்த்தலே தொலைவு.

எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாத அறம், தன்னுயிரையும் உள்ளடக்கியதே. கம்மிய குரல் கூறும் முன்னறிவிப்பைச் செவிமடுப்போம்.

அறம் வளர்க!