சொல்லிழந்தார்க்கு உதவும் எளிய கருவிகள்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச்சுக் குறைபாடுடையோர் தம் கருத்தைப் பிறர்க்கு அறிவித்தற்கு உதவும் எளிய கருவிகளைப் பற்றி இன்று சில சொல்லக் கருதுகிறோம். பக்கவாதத்தால் நாத் தளர்ந்த முதியோர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகள், புற்றுநோயின் பொருட்டுக் குரல்வளை நீக்கப்பெற்றோர், நரம்பு நோயால் பேச்சிழந்தோர் என இத்தகையோர் பலவகையினர். நம் மரபினர் இல்லங்களிலும் இவர்கள் உளர். ஆயினும், விசேஷ நாள்களில் இவர்களைக் கூடத்தில் காண்பது அரிதாயிருக்கின்றது. “அவருக்கு ஒன்றும் தெரியாது” என்று விருந்தினரிடம் கூறிவிடுவாரும் உண்டு. வாய் பேசாமை வேறு, அறிவின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதினும் பெரிய தீங்கு அவர்கட்கு வேறில்லை.

இதற்குச் சான்று வேண்டுவார் இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை நினைக்க. நரம்பு நோயால் உடல் முடங்கிய அவர், 1985-ஆம் ஆண்டில் நிமோனியா கண்டு, மூச்சுக் குழாயில் செய்த சிகிச்சையால் எஞ்சிய பேச்சையும் இழந்தார். உலகம் அறிந்தது அவருடைய கணிப்பொறிக் குரலை. ஆனால் அதற்கு முன் அவர்க்குதவியது ஓர் எழுத்தட்டையே. ஒருவர் எழுத்துகளைச் சுட்டி வர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் புருவத்தை உயர்த்துவார். பிரான்சு தேசத்துப் பத்திரிகையாசிரியர் ழான் தொமினிக் பொபி, 1995-இல் பக்கவாதத்தால் உடல் முழுதும் செயலற்று, இடக் கண்ணிமை ஒன்றே அசையப் பெற்றவர். ஒருவர் எழுத்துகளைச் சொல்லி வர, இவர் இமைத்து இமைத்தே ஒரு முழு நூலை இயற்றினார். 1997-இல் அது வெளிவந்த சில நாள்களில் காலமானார். இருவர்க்கும் கைகொடுத்தவை அகர வரிசையும், அருகிலிருந்தாரின் பொறுமையுமே அல்லவா?

இம்முறைக்கு நம் தமிழ் நெடுங்கணக்கு மிகவும் ஏற்றது. 247 எழுத்துகளையும் ஓர் அட்டையில் நிரப்பினால் நோயாளி களைத்துப் போவார். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகள் போதும். உயிர்மெய் 216-உம் இவற்றின் கூட்டத்தால் பிறப்பனவே. மெய்களோ வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறாறாகப் பிரிந்து நிற்கின்றன. உயிர்களில் குறில் 5, நெடில் 7.

ஒருவர் ‘வலி’ என்று சொல்ல விரும்புகின்றார் என்று கொள்வோம். அருகிலிருப்பவர் “உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம்” என்று மெல்லச் சொல்லுக. இடையினம் என்றதும் நோயாளி இமைப்பார். பின் “ய், ர், ல், வ்” என்று வர, வகரத்தில் இமைப்பார். அடுத்து “புள்ளி, குறில், நெடில்” என்று கேட்க, குறிலில் இமைப்பார். “அ” என்றதும் மீண்டும் இமைப்பார். ‘வ’ கிடைத்தது. இவ்வாறே லகரமும் இகரமும் கூடி ‘லி’ கிடைக்கும். ஓர் அட்டையும் ஒரு பேனாவுமே இதற்குச் செலவு. பள்ளிச் சிறுவனும் ஒரு மாலைப்பொழுதில் இதனைப் பழகிக்கொள்ளலாம்.

எனினும் இஃது எல்லார்க்கும் பொருந்தாது. பக்கவாதத்தால் மூளையின் மொழிப்பகுதி தாக்குண்டவர்க்கு எழுத்துக் கூட்டுதலும் தடுமாறும். எழுத்தறியாதார்க்கும் சிறு குழந்தைகட்கும் எழுத்தட்டை பயன்படாது. இவர்கட்குப் படங்களே உறுதுணை. தண்ணீர்ச் செம்பு, சோறு, மின்விசிறி, கழிப்பிடம், வீட்டாரின் முகங்கள் ஆகிய படங்களை அட்டையில் ஒட்டிக் கைக்கெட்டுமிடத்தில் வைத்தல் வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘நீ நினைத்தது அதுவன்று’ என்பதற்கும் ஒரு குறி இருத்தல் அவசியம். அஃதின்றேல் நம் ஊகமே அவர் விருப்பமாகிவிடும். எந்த அட்டை எவர்க்குப் பொருந்தும் என்பதைப் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் கேட்டறிதல் நலம்.

இனி, கைபேசியை நோக்குவோம். தட்டெழுதிய தமிழை உரத்துப் படிக்கும் வசதி இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் அமைத்த ‘ஆவாஸ்’, படங்களைத் தொட்டால் பேசும் தனிக்கருவியாகத் தோன்றிப் பின் செயலியாயிற்று. 2011-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ், 35 வயதிற்குட்பட்ட புத்தாக்கத்தார் வரிசையில் அவரைச் சேர்த்தது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘ஜெல்லோ’ செயலி கட்டணமின்றிக் கிடைப்பது. குரல்வளையை நீக்கவேண்டுமென்று மருத்துவர் கூறியவர், அதற்கு முன்னரே தம் குரலில் வேண்டிய சொற்களைக் கைபேசியிற் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு விளியேனும் அதில் இருக்கட்டும்.

“அட்டையும் கருவியும் கொடுத்தால் குழந்தை பேசவே முயலாதே” என்று தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. இவற்றால் பேச்சு குன்றுவதில்லை என்பதே ஆய்ந்தோர் கண்ட முடிபு. சிலர்க்குப் பேச்சு வளர்ந்ததும் உண்டு.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள. பிறர் குறிப்பை அறிதல் சிறப்பே. ஆயின் சொத்தைப் பிரிக்கும்போதும், சத்திர சிகிச்சைக்கு உடன்படும்போதும், மகளுக்கு வரன் பார்க்கும்போதும் குறிப்பால் ஊகித்தல் போதாது. அவரையே கேட்டல் வேண்டும். கேளாது அவர் விரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றுவது அறமாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் ஒன்றாக ஏற்றுள்ளது. அதற்குரிய சான்றிதழைப் பெறுதல் குடும்பத்தார் கடமை.

ஆகலின், நம் சங்கத்தாரிடம் வேண்டுவன இரண்டு. தமிழ் எழுத்தட்டையும் படவட்டையும் அச்சிட்டுச் சங்கக் கட்டிடத்தில் வைத்து, வேண்டுவார்க்கு இலவசமாக வழங்குதல் ஒன்று. உறுப்பினரின் பழைய கைபேசிகளைத் திரட்டிச் செப்பனிட்டு, வறிய குடும்பங்கட்கு அளித்தல் மற்றொன்று. இவற்றிற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஆனால் அட்டையும் கைபேசியும் தாமே பேசா. எதிரில் அமர்ந்து, ஒரு சொல் முடியும் வரை காத்திருப்பார் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் உண்டாகுக என வேண்டி அமைகின்றோம்.