ஐசி எங்கே தம்பி?



நம் மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 21. அதற்கு முன் 18. உலகத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் 16 வயதுப் பையன் பீர் வாங்கலாம். ஜப்பானில் 20. அமெரிக்காவில் 1984-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 21 வைக்காத மாநிலத்துக்குத் தரும் சாலைப் பணத்தில் கை வைப்போம் என்றார்கள். ஒவ்வொரு மாநிலமாக வழிக்கு வந்தது! தமிழ்நாட்டில் 21, பக்கத்துக் கேரளாவில் 23.

வயதை உயர்த்தியதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை ஐயா. ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கேட்கிற ஆள்தான் இல்லை!

கிள்ளானில் ஒரு அக்கா இருக்கிறார். சின்ன மளிகைக்கடை. பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார். பள்ளிச் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒரு பையன் வந்து பீர் டின்னை மேசையில் வைத்தான். "ஐசி எங்கே தம்பி?" என்றார். "அப்பாவுக்குக்கா." "அப்பாவை வரச் சொல்." அப்பா வந்தார். கத்தினார். இனி இந்தக் கடைப்படி மிதிக்கமாட்டேன் என்றார். அக்கா டின்னை எடுத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார். தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பகலில் மேடையேறி, சமுதாயமே குடியை விடு என்பார்கள். ராத்திரி அவர்கள் விருந்தில் பெட்டி பெட்டியாக பீர் இறங்கும். அந்த மேசையில் யார்? மீசை அரும்பாத பிள்ளைகள்! ஐசி கேட்டார்களா? அந்த அக்காவைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் பாதி மேசை காலி!

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தாமார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள்! போராட்டத் தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து உள்ளே போட்டான் வெள்ளைக்காரன். பட்டாளம் வந்து சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள். தோட்டத்தில் கொடுத்த கூலி அந்தத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களுடைய கொள்ளுப்பேரனைப் பீர் வாங்க அனுப்புகிறோமே, இது நியாயமா?

கடைக்காரர்களே, ஐசி கேளுங்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளையானாலும் கேளுங்கள். அப்பாமார்களே, உங்கள் பீரை நீங்களே போய் வாங்குங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள்.